லிக்னினை உடைக்கும் சிப்பிக்காளான்

தர்மபுரி மாவட்டத்தில் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு நார்க்கழிவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மட்டையை அடித்து நாரை எடுத்தபின் மிஞ்சும் பழுப்புத் தூள் அது. ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்தாலும் எளிதில் மட்காது. அதில் ஏறத்தாழ 30 சதவீதம் லிக்னின் என்பதே காரணம்; மரத்துக்கு விறைப்பைத் தருவதும் இதே பொருள்தான். அதனுடன் சேர்ந்திருக்கும் செல்லுலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த சரம். நுண்ணுயிர்கள் அதை அறுத்துத் தின்றுவிடும். லிக்னினில் அப்படி ஒரே மாதிரியான கண்ணி கிடையாது.

அதை உடைக்க வெண் அழுகல் பூஞ்சைகள் வேண்டும். நாம் குழம்பு வைக்கும் சிப்பிக்காளானும் அந்த வகைதான். அதன் இழைகள் நொதிகளை உடலுக்கு வெளியே சுரக்கின்றன. லாக்கேஸ் என்ற நொதியின் 4 செம்பு அணுக்கள், லிக்னினிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன; ஆக்சிஜன் நீராகிறது. எலக்ட்ரானை இழந்த லிக்னின் நிலைகுலைந்து உடைகிறது. இன்னொன்று மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ். என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான். செல் சுவரின் நுண்துளைகளுக்குள் நுழைய முடியாத பெரிய புரதம் அது. அதனால் மாங்கனீஸ் அயனியை ஆக்சிஜனேற்றி உள்ளே அனுப்பிவிடுகிறது. அந்த அயனி போய் லிக்னினைத் தாக்குகிறது. இத்தனை பாடும் லிக்னினுக்காக அல்ல, அது மூடி வைத்திருக்கும் செல்லுலோஸுக்காக.

நார்க்கழிவை இந்தக் காளானால் உரமாக்கும் வழியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எளிமையாக வகுத்திருக்கிறது. நிழலில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, ஒரு பாட்டில் காளான் வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, ஒரு கிலோ யூரியா. இப்படியே மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு டன்னுக்கு 5 பாட்டில் வித்து, 5 கிலோ யூரியா ஆகும். ஈரம் மட்டும் காயக் கூடாது. 30 நாளில் தூள் கறுக்கிறது. லிக்னின் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. 112 மடங்காக இருந்த கரி-தழைச்சத்து விகிதம் 24 ஆகிறது. பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியிலேயே இருப்பதால், நம் விவசாயிகள் நேரில் போய்க் கேட்கலாம்.

மட்காத கழிவை அப்படியே வயலில் கொட்டவே கூடாது. அதைச் சிதைக்க முயலும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துவிடும். மட்கியதோ தன் எடையைப்போல் 5 மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மழையை நம்பி ராகியும் நிலக்கடலையும் விதைக்கும் தர்மபுரி மானாவாரிக்கு இது பெரிய உதவி. ஹெக்டேருக்கு 5 டன் அளவில், விதைக்கும் முன் அடியுரமாக இட்டால் போதும்.