ஆலங்குளத்தில் எத்தனை எழுத்து?

‘ஆலங்குளம்’ என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன? விரல்விட்டு எண்ணுங்கள். ஆ, ல, ங், கு, ள, ம் - ஆறு. மூன்றாம் வகுப்பு மாணவனும் இதைச் சொல்லிவிடுவான். (விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளத்தையே இங்குக் குறிப்பிடுகிறேன். தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. எழுத்துக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.) ஆனால் இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டால் அது ஒன்பது என்கிறது. வேறொரு முறையில் கேட்டால் இருபத்தேழு என்கிறது!

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேசைக் கணிப்பொறியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் திறந்து, எஃப்-12 என்ற விசையை அழுத்துங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு பலகை விரியும். அதில் ‘கன்சோல்’ என்ற பகுதிக்குச் சென்று, மேற்கோள் குறிகளுக்குள் ஆலங்குளம் என்று தட்டி, அடுத்து ஒரு புள்ளி வைத்து, ‘லெங்த்’ என்னும் சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் சேருங்கள். 9 என்ற விடை வரும்.

காரணம் எளியது. யூனிகோடு முறையில் ‘ங்’ என்பது ஓர் எழுத்தன்று. ‘ங’ என்னும் குறியெண்ணும் புள்ளிக்குரிய குறியெண்ணும் சேர்ந்த இரட்டை. ‘கு’வும் ‘ம்’மும் அவ்வாறே. ஆறோடு மூன்று கூட்ட ஒன்பது ஆகிறது. இக்குறியெண்களை இணையத்தில் அனுப்பப் பயன்படும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட் இடம் கொள்ளும். ஆகவே 27. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு விண்ணப்பப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். ஊர்ப்பெயருக்கான கட்டத்தில் அதிகபட்சம் 16 என்று வரையறுத்திருக்கிறார் அதை அமைத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து, தாராளமாக அடங்கும். தமிழில் எட்டே எழுத்து. ஆனால் குறியெண் கணக்கில் 18! ‘ஸ்ரீவில்லிபுத்தூ’ வரை வந்து கட்டம் நின்றுவிடுகிறது. விண்ணப்பிக்கும் மாணவி விசைப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள், ‘ர்’ விழவில்லை. குற்றம் விசைப்பலகையில் இல்லை. ஊர்ப்பெயரே இப்படியென்றால், சான்றிதழில் உள்ளபடியே ஆளின் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் என்ன ஆகும்?

வலைப்பக்கத்தின் மேற்பரப்பைப் பார்த்து இக்குறையைக் கண்டுபிடிக்க இயலாது. உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு உதவுபவை உலாவியின் துணை நிரல்கள் சில. 2006-ஆம் ஆண்டில் ஜோ ஹெவிட் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக ‘ஃபயர்பக்’ என்ற துணை நிரலை வெளியிட்டார். பக்கத்தின் எந்தப் பகுதியைச் சுட்டினாலும் அதன் அமைப்பை அது விரித்துக் காட்டியது. அது வரை இருட்டில் துழாவிக்கொண்டிருந்த தளம் அமைப்போருக்கு இது விளக்கேற்றியது போலாயிற்று. 2017-இல் ஃபயர்பக் நிறுத்தப்பட்டது. அதற்குள் அத்தகைய வசதிகள் உலாவிகளிலேயே இடம் பெற்றுவிட்டன; நீங்கள் எஃப்-12 அழுத்தித் திறந்தது அவ்வழியில் வந்த கருவிதான்.

தமிழருக்குத் துணை நிரல்கள் இன்னொரு வகையிலும் உதவியதுண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் இதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவைக் கையாண்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் செய்தி முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். ‘பத்மா’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் துணை நிரல் அத்தகைய பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டியது.

துணை நிரல் எவ்வாறு வேலை செய்கிறது? சேவையகத்திலிருந்து வரும் பக்கத்தை உலாவி தலைகீழ் மரமாக அமைத்துக்கொள்கிறது. வேர் மேலே, தலைப்பு, பத்தி, படம், கட்டம் யாவும் கிளைகள். துணை நிரலின் கட்டளைகள் இம்மரத்தில் ஏறி இறங்கி எந்தக் கிளையையும் படிக்கலாம், மாற்றலாம். நம் படிவத்தில், அந்தக் கட்டத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் தேர்ந்தால், அதிகபட்ச நீளம் 16 என்று எழுதியிருப்பது கண்ணில் படும். அதை 60 என்று திருத்துங்கள், ‘ர்’ விழும்! ஆனால் மாறியது உங்கள் திரையில் உள்ள மரம் மட்டுமே. சேவையகத்தில் உள்ள மூலம் அல்ல. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழைய 16 திரும்பி வரும். சேவையகமும் தனியே நீளத்தைச் சோதித்து மறுக்கக்கூடும். ஆகவே இது மருந்தன்று, நோயறியும் வழி. குறை இன்ன இடத்தில் என்று தளத்தாருக்கு எழுத இது போதும்.

இயற்பியல் ஆய்வகத்தில் அம்மீட்டரைச் சுற்றில் இணைத்தவுடன், அதன் சொந்த மின்தடையால் மின்னோட்டம் சற்றே குறைந்துவிடும் என்று படித்திருப்பீர்கள். துணை நிரலுக்கும் இக்குணம் உண்டு. அது பக்கத்துக்குள் தன் கட்டளைகளைப் புகுத்துவதால், சில சமயம் அளக்கப்படும் பக்கமே மாறுகிறது. விளம்பரம் தடுக்கும் நிரல் ஒரு படத்தை மறைத்துவிட, தளத்தில் கோளாறு என்று நாம் மயங்குவோம். ஆகவே துணை நிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு முறையும், வேண்டியதை மட்டும் இயக்கி ஒரு முறையும் சோதிப்பதே முறை. மேலும், “எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்” ஒரு நிரல் அனுமதி கேட்டால், வங்கிக் கணக்குப் பக்கமும் அதில் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். தேவை முடிந்ததும் நீக்கிவிடுவதே நலம் என்பது என் கருத்து.

தமிழ்த் தளத்தைச் சோதிப்பவர் பார்க்க வேண்டியது நீளம் மட்டுமன்று. ‘கோவில்பட்டி’யில் உள்ள ‘கோ’வை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எண்ணிக்கையோ 11, 12! இவ்விரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. எனவே தளம் அமைப்பவர் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவாக்கிக்கொள்ளலாம். ‘ஸ்ரீ’யின் கதை இதனினும் சிக்கலானது. வழக்கமான ‘ஸ’வைக் கொண்டும் அதை எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வைக் கொண்டும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு விதி இவற்றைச் சமம் என்று கொள்வதில்லை. ஒரு வகையில் பதிவான ஸ்ரீவில்லிபுத்தூரை மறுவகையில் தேடினால், தனி ஏற்பாடு செய்யாத தளம் “அப்படி ஓர் ஊர் இல்லை” என்றே சொல்லும். உங்கள் ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் கன்சோலில் இட்டு எண்ணிப் பாருங்கள்.