மாதக் கணக்கும் வருஷச் செலவும்: மறையூரிலிருந்து வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு

மறையூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சந்தன மரம்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் முனியறைகளைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொப்பரையில் கொதிக்கிற கரும்புப் பாகின் வாசனைதான். எங்கள் வீட்டுக் கணக்கு வழக்கு முழுவதும் அந்தக் கொப்பரையைச் சுற்றித்தான் இருந்தது. இக்கட்டுரையும் கணக்கைப் பற்றியதே ஆகையால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டை சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அஞ்சுநாடு என்று சொல்லப்படும் பழைய ஐந்து ஊர்களுள் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. ஆகவே எங்களுக்கு வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். சந்தைக்கும் துணிமணிக்கும் சின்னாறு சோதனைச்சாவடி தாண்டி உடுமலை. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தேவிகுளம் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கும் வேலைக்கும் உடுமலை, பொள்ளாச்சி, கோவை என்று இறங்கிப் போவது நீண்டநாள் வழக்கம். நானும் அப்படி இறங்கிப் போனவன்தான்.

நான் கோவைக்குப் போனது 1984-இல். வெல்லம் விற்ற கையோடு அப்பா ஒரு மஞ்சப்பையில் 1,500 ரூபாய் வைத்துக் கொடுத்தார். “ஆறு மாசத்துக்கு இதுதாம்பா, பாத்துக்க” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நிதி ஆலோசனை! அறை வாடகையில் என் பங்கு 50 ரூபாய், மெஸ்ஸுக்கு 150 ரூபாய். மாதம் 200 என்றால் ஆறு மாதத்துக்கு 1,200. மிச்சம் 300 கைச்செலவுக்கு என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி இருந்தேன். நாலாவது மாதம் பாதியில் கை காலி. மெஸ்ஸில் பற்று எழுதச் சொன்னேன், மூன்று வாரம் எழுதினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமே பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். மாமா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தை அடகு வைத்துக் கட்டினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா என் மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பருவத்துக்கு என் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், உடுமலையில் அவருக்குத் தெரிந்த ஒரு மண்டியில் கொடுத்து வைத்துவிட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் போய் 200 ரூபாய் வாங்கிக்கொள்ள வேண்டும். பரீட்சை மாதத்தில் மட்டும் 300. எனக்கு அவமானமாக இருந்தது. பிற்பாடு பெங்களூரில் முப்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தபோதுதான் அவர் செய்தது என்ன என்று விளங்கியது. படிக்காத மனிதர், மாத பட்ஜெட் போட்டிருக்கிறார்! பரீட்சை மாதத்துக்கு 100 ரூபாய் அதிகம் வைத்தாரே, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் வருமானம் மாதச் சம்பளம் அல்ல. கரும்பு வெட்டுக்கு வர ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும். வெட்டி, ஆலையில் ஆட்டி, சக்கையையே எரித்துப் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டி, சாக்குப் போட்டு அனுப்பினால் ஒரே நாளில் பணம் வரும். ஓணத்துக்கு முன்னால் விலை ஏறும், பிறகு இறங்கும். வேறிடத்து மலிவு வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று விற்பவர்களாலும் விலை அடிபட்டதுண்டு. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். இப்படிக் குவியலாக வருகிற பணத்தை அம்மாதான் வருஷம் முழுக்க இழுத்துப் பிடித்துச் செலவு செய்வாள். மளிகைக் கடையில் பற்று, பண்டிகைக்குச் சீட்டு, உரத்துக்குத் தனி முடிச்சு என்று.

வெளியூர் போகிற பிள்ளைக்கு இது தலைகீழாகிவிடுகிறது. பணம் மாதாமாதம் அளவாக வருகிறது, செலவுதான் குவியலாக வருகிறது. பரீட்சைக் கட்டணம், தீபாவளித் துணி, கண்ணாடி உடைந்தது, ஊருக்குப் போக பஸ் என்று. மாத பட்ஜெட் உடைகிற இடம் இதுவே. பிள்ளைகள் ஊதாரித்தனம் செய்வதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. மாதச் செலவை மட்டும் எழுதிவிட்டு வருஷச் செலவை எழுத மறந்துவிடுகிறார்கள், நான் மறந்த மாதிரி.

வாசகர்களுக்கு உண்மைக் கணக்கு ஒன்றையே காட்டிவிடுகிறேன். என் தம்பி மகள் மறையூரில் பிளஸ் டூ முடித்து 2024-இல் கோவையில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். பெண்கள் விடுதியில் இடம். தம்பி மாதம் 10,000 ரூபாய் அனுப்புவதாக ஏற்பாடு. இரண்டாம் மாதமே போன் வந்தது: “பெரியப்பா, அப்பா அனுப்புறது எங்க போகுதுன்னே தெரியலை. நான் ஒண்ணும் வாங்கலையே!” நோட்டை எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

மாதச் செலவை முதலில் எழுதினோம். விடுதிக்குச் சாப்பாட்டோடு 6,500. போன் 300. சோப்பு, எண்ணெய், நாப்கின் வகையறா 500. ஜெராக்ஸ், நோட்டு 300. டீ, சனி ஞாயிறு வெளிச் சாப்பாடு 600. உள்ளூர்ப் பயணம் 200. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் ஏற்பாடு வந்ததால் பயணச் செலவு இவ்வளவு குறைவு. பையனாக இருந்தால் இதை இரண்டு மூன்று மடங்காக வைக்க வேண்டும். ஆக மொத்தம் 8,400. “1,600 மிச்சம் வருதே பெரியப்பா!” என்று சந்தோஷப்பட்டாள்.

பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் மட்டும் வருகிறதை எழுது என்றேன். இரண்டு பருவப் பரீட்சைக் கட்டணம் 3,000. ஊருக்கு எட்டு தரம் போய்வர, தரத்துக்கு 450 வீதம் 3,600. துணிமணி 4,000. புத்தகம் 2,000. டாக்டர், கண்ணாடி 2,400. கல்லூரிச் சுற்றுலா 3,500. ரெக்கார்டு நோட்டு, துறைச் சங்கக் கட்டணம் 1,500. கடைசியாக ஒரு போன் ரீசார்ஜ் 300.

இது ஏன் என்று கேட்டாள். அவள் போட்டிருந்த ரீசார்ஜ் 28 நாளைக்கு. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு தரம் அல்ல, பதின்மூன்று தரம் கட்டுகிறோம். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. நான்கூட என் பேத்தி சொல்லித்தான் கவனித்தேன்.

கூட்டினால் 20,300. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 1,690. ஆக உண்மையான மாதச் செலவு 8,400 அல்ல, 10,090. 1,600 மிச்சம் என்று நினைத்த இடத்தில் 90 ரூபாய் துண்டு விழுகிறது. போன இடம் தெரியாத பணம் இங்கேதான் போயிருக்கிறது.

டீச் செலவை 600-லிருந்து 500 ஆக்கினோம். கணக்கு நேர்பட்டது. விடுதிச் சாப்பாட்டுக்கு முழுக் காசும் கட்டிவிட்டு வெளியே பரோட்டா சாப்பிட்டால் ஒரு வேளைக்கு இரண்டு தரம் காசு கொடுக்கிறோம் என்பதை மட்டும் சொன்னேன். அதற்காகப் பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்கவும் முடியாது, கட்டிய பணம் கட்டியதுதான். மே மாதம் ஊரில் இருக்கும்போது விடுதியில் பாதிக் கட்டணமே வாங்குகிறார்கள். அந்த 3,250-ஐ நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆபத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?

பத்திரிகைகளில் 50-30-20 என்று ஒரு விதி சொல்வார்கள். வருமானத்தில் பாதி அவசியத்துக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவியது. சம்பாதிக்கிறவர்களுக்குச் சரி. எங்கள் பிள்ளைக்கு விடுதி மட்டுமே 65 சதவீதம்! வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுக்குப் போகிற பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே கண்டு சொல்லிவிட்டார். ஆகவே விகிதத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஜப்பானில் ஹானி மொதொகோ என்ற அம்மையார் 1904-இல் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டுப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். செலவைக் கையால் எழுதுவதுதான் அதன் சாரம். யூபிஐயில் தட்டினால் காசு போவதே தெரியாத இந்தக் காலத்தில் அந்தப் பழைய நோட்டுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது.

பணத்தைப் பிரித்து வைக்கும் விதம் இது. பத்தாயிரம் வந்த அன்றே 6,500 விடுதிக்கு. 1,690 போஸ்டாபீஸ் சேமிப்புக் கணக்குக்கு. அந்தக் கணக்கைப் போனில் இணைக்கவே கூடாது. ரீசார்ஜுக்கு 300. மீதி கைச்செலவு 1,500. அதை மாதத்துக்கு என்று வைத்தால் பதினைந்தாம் தேதி தீர்ந்துவிடும். வாரத்துக்கு 350 வீதம் நான்கு வாரத்துக்கு 1,400, மாதக் கடைசி இரண்டு மூன்று நாளைக்கு 100. போனில் தட்டுகிற கணக்கில் அந்த வாரத்துப் பணம் மட்டுமே இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. வருஷச் செலவு பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக வராது. ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை சேர்த்தால் நான்கு மாதத்தில் 6,760. அதற்குள் பரீட்சைக் கட்டணம் 1,500, புத்தகம் 2,000, தீபாவளித் துணி 2,500, ரெக்கார்டு முதலியன 1,500, இரண்டு பயணம் 900, எல்லாம் சேர்ந்து 8,400 கேட்கிறது. 1,640 குறைகிறது. முதல் வருஷப் பிள்ளைகள் தீபாவளி சமயத்தில் கடன் வாங்குவது இதனால்தான். தம்பியைக் கூப்பிட்டு, ஓணத்துக்கு முன்னால் வெல்லம் போடும்போது 2,000 ரூபாய் தனியாகக் கொடுத்துவிடு என்றேன். ஆலையின் கணக்கும் விடுதியின் கணக்கும் அந்த இடத்தில் அழகாகச் சந்தித்தன. அடுத்த ஜூன் கட்டணத்துக்குத் தம்பி மனைவி குடும்பஸ்ரீ குழுவில் வாராவாரம் போடுகிற சேமிப்பும், கே.எஸ்.எஃப்.இ. சீட்டும் இருக்கின்றன. சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்தால் கழிவு அதிகம் போகும். அது சேமிப்பு அல்ல, கடன் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று கேள்விப்பட்டு என் தம்பி மகளும் அதை வரவில் எழுதி வைத்திருந்தாள். அது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்காக வந்தது. 2024-இல் மாணவர்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படியே. இடுக்கியில் தமிழ்வழியிலேயே படித்திருந்தாலும் பள்ளிக்கூடம் சின்னாறுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே! அந்த வரியை அவளே அடித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் கேரளத்தை விட்டுப் போனதால் எல்லாமே போய்விடுவதில்லை. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையை, எந்த மாநிலத்தில் படித்தாலும், நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலமே தர வேண்டும். மறையூர்ப் பிள்ளை கோவையில் படித்தாலும் கேரளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கல்விக் கடனில் கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கலாம். இதற்கெல்லாம் வேண்டிய வருமானச் சான்றிதழைப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே வாங்கி வைத்துவிடுவது நல்லது. கல்லூரி தொடங்கிய பிறகு ஒரு சான்றிதழுக்காக ஊருக்கு வந்து போனால் 450 ரூபாயும் இரண்டு நாள் வகுப்பும் போயிற்று. உதவித்தொகை கைக்கு வரும்வரை அதை வரவில் எழுதக் கூடாது. அது வரும், ஆனால் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

விடுதி முன்பணம் 10,000 இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது காலி செய்யும்போது திரும்பி வரவேண்டிய பணம். ரசீதைப் பத்திரப்படுத்தி, எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டால் போதும். எனக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு 100 ரூபாய் திரும்பி வரவே இல்லை.

போன தைக்கு அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். டிசம்பர் மாதத்தில் 34 ரூபாய் மிச்சம். ஒரு வரிக்கு எதிரே மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தாள். ஊருக்கு வரும்போது உடுமலை பஸ் ஸ்டாண்டில் குடித்த டீயும் வடையும் பயணத்தில் சேருமா, சாப்பாட்டில் சேருமா என்று. மறையூர் வண்டிக்கு அங்கே காத்திருந்து பழகியவன் என்ற முறையில், பயணத்திலேயே எழுதச் சொன்னேன்.