பொன்னியின் செல்வன் முடிந்தபோது

கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29-இல் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 மே 16-இல் முடிந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள், மூன்றரை ஆண்டுகள். வாரம்தோறும் வந்த பக்கங்களை மணியம் வரைந்த படங்களோடு கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இவ்வளவு காலம் கூடவே வந்த வாசகர்களுக்குக் கடைசி வாரம் மனநிறைவைத் தரவில்லை. கதையைத் திடுதிப்பென்று முடித்துவிட்டார் என்பதே பலருடைய குறை.

குறைக்குக் காரணம் பக்கப் பஞ்சமல்ல. ‘புது வெள்ளம்’ என்ற முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள். ‘தியாக சிகரம்’ என்ற ஐந்தாம் பாகத்தில் 91. ஐந்தில் அதுதான் பெரியது. ஆனாலும் அதைப் படித்து முடித்தவர் கையில் ஒரு மூட்டைக் கேள்விகள் மிஞ்சின. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினி என்ன ஆனாள்? வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்ததா? சதிசெய்த பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் பிடிபட்டார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, யார் பெயரைக் கதைக்கு வைத்தார்களோ அந்த அருள்மொழிவர்மன் கடைசியில் முடிசூடவே இல்லை. தன் தலைக்கு வந்த கிரீடத்தைச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டிவிடுகிறான். பூக்கூடை சுமந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பிள்ளைதான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது ஐந்தாம் பாகத்தின் பெரிய திருப்பம்.

இந்த முடிசூட்டு முடிவுக்கு ஆதாரம் திருவள்ளூர் மாவட்டத்தில் கிடைத்தது. அரக்கோணம் ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி வரும் ஊர் திருவாலங்காடு. முதலாம் இராசேந்திர சோழன் வழங்கிய செப்பேட்டுத் தொகுதி ஒன்று 1905-இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. ஒரே வளையத்தில் கோத்த 31 ஏடுகள் கொண்டது அது. அதன் வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றைச் சொல்கிறது. அண்ணன் ஆதித்த கரிகாலன் மறைந்தபின் நாட்டைக் காக்க வரும்படி குடிமக்கள் அருள்மொழியை வேண்டினார்கள். சிற்றப்பனுக்கு அரசாளும் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் ஒதுங்கிக்கொண்டான் என்பது அதன் செய்தி. அந்தச் சிற்றப்பன்தான் உத்தம சோழன்; கல்கியின் கதையில் சேந்தன் அமுதன். அவனுக்குப் பிறகே, 985-இல், அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறினான். ஆக, நாயகனுக்கு முடிசூட்டி மங்களம் பாடும் வசதி கல்கிக்கு இல்லை. செப்பேடு ஓரிரு வரியில் முடித்துவிட்ட விட்டுக்கொடுத்தலை எடுத்துக்கொண்டு ஒரு பாகம் முழுவதையும் அதை நோக்கி நடத்தினார். பாகத்துக்குப் பெயரும் அதிலிருந்தே வந்தது.

கரிகாலன் கொலை விஷயம் வேறு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்தக் கல்வெட்டு, அவர்கள் வகையறாவின் நிலங்கள் என்ன ஆயின என்பதையும் பதிவு செய்கிறது. கை யாருடையது என்பது கல்லில் இருக்கிறது. ஏவியவர் யார் என்பதுதான் இல்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். அப்படி நினைக்க இடமில்லை என்று இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார்.

கல்கி இந்தச் சர்ச்சையில் உத்தம சோழன் பக்கம் நின்று, அவனைப் பூத்தொடுக்கும் பக்தனாக்கிக் கறையைத் துடைத்துவிட்டார். ஆனால் கல்வெட்டு தெளிவாகச் சொன்ன கையை அவர் வேண்டுமென்றே இருட்டில் மறைத்தார். கடம்பூர் மாளிகை அறையில் விளக்கு அணைகிறது. கரிகாலன் விழுந்து கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற, சம்புவரையர் மகள் மணிமேகலை கொன்றது தானே என்கிறாள். பெரிய பழுவேட்டரையரோ தன் கையால்தான் என்கிறார். வாசகர்களும் இன்றுவரை ஆளுக்கொரு குற்றவாளியை நிறுத்தி வாதாடுகிறார்கள். கரிகாலனே சாவைத் தேடிப் போனான் என்று சொல்லும் கட்சியும் உண்டு. இந்த மர்மத்தைக் குறையென்று சொல்வது நியாயமில்லை. நாவல் மறுபடி மறுபடி படிக்கப்படுவதற்குப் பாதிக் காரணம் அந்த அறைதான்.

நந்தினியைப் பற்றிய குறையில் நியாயம் இருக்கிறது. நான்கு பாகங்களாகக் கதையை ஆட்டிவைத்தவள், பிறப்பு இரகசியம்கூட முழுதாகத் தெளியாமல் நழுவிப் போகிறாள். கடைசி அத்தியாயமோ, கற்பனைப் பாத்திரமான மணிமேகலைக்குப் போகிறது. சித்தம் கலங்கிய அந்தப் பெண் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவதோடு நாவல் முடிகிறது. அரச கதை ஒன்றைச் சம்புவரையர் வீட்டுப் பெண்ணின் சாவில் நிறுத்தத் துணிச்சல் வேண்டும். கல்யாணச் சாப்பாட்டை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்ததில் வியப்பில்லை.

கேள்விகளுக்குக் கல்கி முடிவுரை ஒன்றை எழுதிப் பதில் சொன்னார். முழுக்கற்பனையான கதையை ஆசிரியர் விரும்பிய இடத்தில் முடிச்சுப் போட்டு நிறுத்தலாம். சரித்திரக் கதையில் மனிதர்கள் அதற்கப்பாலும் வாழ்ந்துகொண்டே போகிறார்கள் என்பது அவர் வாதம். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. மிச்சத்தை மற்ற எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று வழியும் விட்டார். 1954 டிசம்பர் 5-இல் அவர் காலமானதால் அடுத்த பாகத்துக்கான பேச்சே எழவில்லை.

வாசகர் கோபம் எழுத்தாளரை வளைத்த கதைகளும் உலகில் உண்டு. 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிய கானன் டாயில், பத்தாண்டு கழித்து அவரை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. 2007-இல் வந்த ஹாரி பாட்டர் கடைசி நூலில், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் எல்லாரும் குடும்பம் குட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கும் பின்னுரை வாசகர்களை இரண்டாகப் பிரித்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் ஏச்சு, எல்லாம் சொன்னாலும் ஏச்சு.

கல்கி விட்ட இடத்தைப் பிறர் நிரப்பினார்கள். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதிக் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் ‘உடையார்’ நாவலை இராசராசன் பெரிய கோயில் எழுப்பிய காலத்தில் வைத்து ஆறு பாகங்கள் எழுதினார். மணிரத்னத்தின் இரண்டாம் படம் 2023 ஏப்ரல் 28-இல் வெளிவந்தபோது பழைய சண்டை புதிதாகக் கிளம்பியது. சேந்தன் அமுதன் இரகசியமும் இல்லை, மணிமேகலையும் இல்லை. நாவலில் செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகனே படத்தில் முடிசூடுகிறான். எழுபது ஆண்டுகளுக்கு முன் நாவலின் முடிவைக் குறை சொன்ன வாசகர் கூட்டத்தின் வாரிசுகள், இப்போது அதே முடிவை மாற்றியது தவறு என்று குறைப்பட்டார்கள்.

கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையானபின் மலிவுப் பதிப்புகள் பல வந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்கள் மணிமேகலையோடு புத்தகத்தை மூடிவிடாமல் முடிவுரையையும் படித்துவிடுவது நல்லது. கேட்க நினைக்கும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கிறது.