அவதானக் குறைபாடும் கட்டிளமைப் பருவத்தினரின் கற்றற் பழக்கங்களும்

கற்றல் அறிவாற்றலால் மட்டும் நிகழ்வதன்று. எதனை முதலிற் செய்வது, எப்பொழுது தொடங்குவது, எதுவரை தொடர்வது என்னும் தன்னொழுங்கும் அதற்கு இன்றியமையாதது. அவ்வொழுங்கு குன்றிய மாணவரைச் 'சோம்பேறிகள்' என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அவர்களுட் சிலர் அவதானக் குறைபாட்டுக் கோளாறு உடையோராக இருத்தல் கூடும். அத்தகையோரின் கற்றற் பழக்கங்களை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் 1968 இல் மிகையியக்கத்தையே இக்கோளாற்றின் தலையாய குணமாகக் கொண்டது. அவதானத்தை நிலைநிறுத்த இயலாமையே முக்கியமானது எனக் கனடிய உளவியலாளர் வெர்ஜினியா டக்ளஸ் 1972 இல் வலியுறுத்தினார். 1980 இல் வெளிவந்த கைந்நூலின் மூன்றாம் பதிப்பு 'அவதானக் குறைபாடு' என்னும் பெயரை ஏற்றது. இப்பெயர் மாற்றம் பொருள் பொதிந்ததாகும். வயது ஏற ஏற ஓட்டமும் துள்ளலும் பெரும்பாலும் தணிகின்றன. அவதானக் குறைபாடோ பலரிடம் எஞ்சி நிற்கின்றது. எனவே, வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவனின் இடர்ப்பாடு எவர் கண்ணிலும் படாது போகலாம்.

கட்டிளமைப் பருவத்தில் பாடங்களும் ஆசிரியர்களும் பலராகிப் பலவாகப் பெருகும் வேளையிலேயே பெற்றோரின் நேரடி மேற்பார்வை குறைகின்றது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதால் இடர்ப்பாடு மிகுகின்றது. செய்யவேண்டியதை அறியாமையன்று, அறிந்ததை உரிய வேளையிற் செய்ய இயலாமையே இங்குள்ள குறை என்பர் அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி. இக்கருத்தை ஏற்பின், அறிவுரை மட்டும் பயன் தராது என்பது பெறப்படும். உதவி, வேலை நிகழும் இடத்திலும் நேரத்திலும் அமைதல் வேண்டும்.

அவ்வுதவிகளுட் சிலவற்றைக் குறிப்பிடலாம். முதலாவது, நினைவிற் கொள்ளவேண்டியதைப் புறத்தே வைத்தல். வீட்டுவேலைகளை ஒரே நாட்குறிப்பில் எழுதி, அதனை ஆசிரியரோ பெற்றோரோ நாடோறும் பார்வையிடுதல் நன்று. இரண்டாவது, நெடிய வேலையைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கண்முன் கடிகாரம் வைத்து நேரம் வரையறுத்தல். மூன்றாவது, கற்கும் முறையை மாற்றுதல். கற்றல் உத்திகள் பத்தினை மதிப்பிட்டு டன்லொஸ்கியும் பிறரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, தன்னைத்தானே சோதித்தலையும் இடைவெளிவிட்டு மீட்டலையும் உயர்வாகக் கணித்தது. கோடிடுதலும் திரும்ப வாசித்தலும் அதிற் கீழ்நிலையே பெற்றன. கண் வரிகளில் ஓட மனம் பிறிதோரிடத்து அலையும் மாணவனுக்கு, விடையளிக்கக் கோரும் வினா தன் அலைவை உடனே உணர்த்துவதாகும்.

மருத்துவர் விதிக்கும் மருந்து அவதானத்தை மேம்படுத்தலாம். திட்டமிடும் பழக்கத்தை அது கற்பிப்பதில்லை. மேலும், அவதானம் சிதறுவோர் அனைவரும் இக்கோளாறு உடையோரல்லர். துயிற்குறைவும் மனத்துயரும்கூட அவதானத்தைச் சிதைப்பன. பன்னிரண்டு வயதுக்கு முன்னரே அறிகுறிகள் தோன்றியிருத்தலும், அவை வீடு, பாடசாலை போன்ற ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களிற் காணப்படுதலும் வேண்டும் என 2013 இல் வெளிவந்த கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு வரையறுக்கின்றது. ஆதலின், தக்கோர் ஆராய்ந்தே முடிவு கூறல் வேண்டும்.

பார்வை குன்றியவனுக்குக் கண்ணாடி அளிப்பதை எவரும் சலுகை எனக் கருதுவதில்லை. நாட்குறிப்பும் நேர வரையறையும் இம்மாணவருக்கு அத்தன்மையனவே. அவற்றை மறுத்து முயற்சியின்மையைப் பழிப்போமாயின், ஆற்றலுள்ள இளைஞர் பலர் தம்மை அறிவிலிகள் என நம்பிக் கல்வியைக் கைவிட நாமே காரணராவோம்.