கல்யாணம் நடத்திக் கொடுக்கும் தொழில்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்ற பழமொழி சொந்த ஊரில் வாழ்ந்தவர்கள் சொன்னது. பங்காளிகள், சம்பந்திகள், அண்டை அயலார், ஊர்ப் பூசாரி, குடும்பத்துச் சமையற்காரர் என்று கைகொடுக்கப் பலர் சூழ்ந்திருந்த காலத்திலேயே அதை அவ்வளவு பெரும் பாடாக எண்ணியிருக்கிறார்கள். பிழைப்பை நாடி மும்பை போன்ற நகரத்தில் வந்து குடியேறிய நம்மவர் ஒரு கல்யாணத்தை நடத்துவதென்றால் அது எத்தகைய பாடு என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முன்னெல்லாம் மாட்டுங்காவிலும், தாராவியிலும், செம்பூரிலும் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அந்தக் கட்டடமே கல்யாண வீடாகிவிடும். ஒருவர் காய்கறி வாங்குவார். மற்றொருவர் ரயில் நிலையத்துக்குப் போய் விருந்தினரை அழைத்து வருவார். மாமிமார் கூடி முறுக்குச் சுற்றுவார்கள். இன்றோ கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். டோம்பிவிலியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் நாள்தோறும் போய் வருவதிலேயே பொழுது கழிந்துவிடுகிறது. மனம் இருக்கிறது, நேரம் இல்லை. இந்தக் குறையை நிரப்பவே 'ஈவன்ட் பிளானர்', 'வெட்டிங் பிளானர்' என்று சொல்லப்படும் தொழில் பிறந்திருக்கிறது. 2010-ல் வெளிவந்த 'பேண்ட் பாஜா பாராத்' என்ற ஹிந்திப் படம், டில்லியில் இரு இளைஞர்கள் இத்தொழிலைத் தொடங்குவதையே கதையாகக் கொண்டது. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இளைஞர்களும் சகோதரிகளும் சிலர் இதில் இறங்கலாமா என்று யோசித்து வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன், ரயில்வேயில் குமாஸ்தா. ஆயினும் சங்கத்து அன்பர்கள் வீட்டு விசேஷங்களில் கூடமாட நின்று கண்டதும் கேட்டதும் கொஞ்சம் உண்டு.

இத்தொழில் யாது?

சமையல் காண்ட்ராக்டர் சமைக்கிறார், பந்தல்காரர் பந்தல் போடுகிறார், பூக்காரர் மாலை கட்டுகிறார், நாதஸ்வரக்காரர் வாசிக்கிறார், புகைப்படக்காரர் படம் எடுக்கிறார். அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். ஆனால் மேடை அலங்காரம் முடியுமுன் புகைப்படக்காரர் வந்து நிற்பதும், மாலை வருமுன் மாலை மாற்றும் நேரம் வந்துவிடுவதும் நாம் காணாததல்ல. இவர்கள் அனைவரையும் ஒரே காலக் கணக்கில் கட்டி இழுத்துச் செல்பவனே ஏற்பாட்டாளன். எங்கள் ரயில்வே மொழியில் சொன்னால், ஓட்டுநர், கார்டு, நிலைய அதிகாரி எல்லோரும் இருந்தாலும் கால அட்டவணை இல்லாமல் வண்டி ஓடாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வண்டி தாமதமாக வரலாம், முகூர்த்தம் தாமதிக்காது.

ஆகையால் இத்தொழிலுக்கு முதல் மூலதனம் பணமன்று. ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும், சொன்ன நேரத்தில் நிற்கும் பழக்கமுமே முதல் மூலதனம். தொடங்கும்போதே பெரிய கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளலாகாது. ஓராண்டேனும் அனுபவசாலி ஒருவரிடம் உதவியாளராக இருப்பது நலம். பிறகு ஆண்டு நிறைவு, காதுகுத்து, சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி போன்ற சிறு விசேஷங்களை நடத்திப் பார்க்கலாம். ஐம்பது பேருக்குச் சரியாக நடத்தத் தெரிந்தவனே முந்நூறு பேருக்கு நடத்த முடியும்.

இரண்டு பஞ்சாங்கம் அறிதல்

வெளி மாநிலத்தில் இத்தொழில் செய்யும் தமிழர் இரண்டு பஞ்சாங்கங்களை அறிந்திருத்தல் அவசியம். நம்மவர் பலர் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. மராட்டியர்களோ ஆஷாட ஏகாதசி தொடங்கிக் கார்த்திகை ஏகாதசி வரை, சாதுர்மாஸ்யம் என்று சொல்லி விவாகங்களைத் தவிர்க்கின்றனர். துளசி விவாகம் ஆனபின்தான் அவர்களுக்குக் கல்யாணக் காலம் தொடங்குகிறது. இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு. நமக்கு உகந்த ஆவணி மாதத்தில் இவ்வூர் மண்டபங்களுக்கு அவ்வளவு போட்டி இராது. ஆனால் அதே காலத்தில் கணபதி விழாவும் வரக்கூடும். அந்நாட்களில் தெருக்களில் வண்டி நகராது. தேதி குறிக்குமுன் இதைப் பெண் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது ஏற்பாட்டாளன் கடமை.

சடங்குகளும் அப்படியே. ஒரு குடும்பத்தில் பந்தக்கால் நடுதலும் அரசாணிக்காலும் முக்கியம். மற்றொரு குடும்பத்தில் காசி யாத்திரையும் ஊஞ்சலும் நலங்கும் முக்கியம். மராட்டிய மணமகனோ மணமகளோ அமையும் கல்யாணங்கள் இப்பொழுது பெருகிவருகின்றன. அவர்களுடைய சடங்கில் மணமக்களுக்கிடையே 'அந்தர்பாட்' என்னும் துணியைத் திரையாகப் பிடித்து, மங்களாஷ்டகம் பாடி முடிந்ததும் அதை விலக்குவார்கள். அதற்குரிய துணி, அதைப் பிடிப்பவர், அட்சதை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளாமல் மேடையில் நின்று விழிப்பது அழகன்று. "எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது" என்று எந்தச் சம்பந்தியும் மனம் வருந்தும்படி விடலாகாது. இரு வீட்டுப் பெரியவர்களையும் தனித்தனியே சந்தித்து, சடங்குகளை வரிசைப்படி எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டுவது நல்ல முறை.

ஊரிலிருந்து வரும் விருந்தினர்

ரயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் உறவினர்க்கு, முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பதிவு திறக்கும் நாளை நோட்டில் குறித்துவைக்க வேண்டும். ஒரு படிவத்தில் 6 பேருக்கு மேல் பதிவு செய்ய இயலாது. பெரிய கூட்டமாக வருவோர் ரயில்வே அதிகாரிகளுக்கு முன்னதாகவே எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கொங்கண் பாதையில் மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணை உண்டு. வண்டிகள் மெதுவாகவே செல்லும். ஆனி, ஆவணிக் கல்யாணங்களுக்கு அவ்வழியாக வருவோர் ஒரு நாள் முன்னதாகவே வந்து சேரும்படி ஏற்பாடு செய்தால் மனக்கலக்கம் இராது.

கணக்கும் சட்டமும்

வாய்ச்சொல்லில் தொழில் நடத்துவது உறவையும் கெடுக்கும், தொழிலையும் கெடுக்கும். என்னென்ன செய்து கொடுக்கப்படும், முன்பணம் எவ்வளவு, தேதி மாறினால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். 2020-ல் தொற்றுநோயின் காரணமாகக் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசாங்கம் விதித்தபோது, இப்படி எழுதிக்கொள்ளாத இடங்களில் முன்பணத்தைக் குறித்து எழுந்த சச்சரவுகள் கொஞ்சமல்ல.

சிறு தொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'சிசு' என்ற பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெறலாம்; விளக்குகள், பித்தளைக் குத்துவிளக்குகள், மேடைத் துணிகள் வாங்க அது போதும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும். சமையல், பூ, பந்தல் எல்லாவற்றுக்கும் தம் பெயரிலேயே பில் போட்டு வசூலித்தால் அத்தொகை முழுவதும் அந்த 20 லட்சக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதைத் தொடங்குவோர் கவனிக்க வேண்டும்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ முழங்கலாகாது. 4.30 மணிக்கும் 6 மணிக்கும் இடையே முகூர்த்தம் வைக்கும் குடும்பங்கள் மொட்டை மாடியையோ மைதானத்தையோ நாடாமல், மூடிய மண்டபத்தைத் தேர்ந்தெடுப்பதே நலம். கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் போலீஸார் வந்து நிற்பது யாருக்கும் பிரியமாயிராது.

மாறிவரும் அலங்காரம்

இனி நாகரிகத்தைப் பற்றி. அலங்காரத்தில் இன்று வந்தது நாளை பழையதாகிவிடுகிறது. ஒரு காலத்தில் தெர்மோகோலை வெட்டி மணமக்கள் பெயரை எழுதி மேடையில் மாட்டுவது பெருமையாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் 2018-லும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் அலங்காரத் தெர்மோகோல் தடை செய்யப்பட்டது. பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், கரண்டி ஆகியவற்றுக்கும் அதே கதி. இதனால் நமக்கு நஷ்டமொன்றுமில்லை. நம் முன்னோர் கட்டிய வாழை மரமும், மாவிலையும், குருத்தோலைத் தோரணமும், தண்ணீர் நிறைத்த உருளியில் மிதக்கும் பூக்களும், மாக்கோலமும் புது நாகரிகம் என்ற பெயரிலேயே திரும்பி வந்திருக்கின்றன. வட நாட்டு வீட்டாரும் இவற்றை விரும்பிக் கேட்கிறார்கள். குருத்தோலையில் கிளியும் பாம்பும் பின்னத் தெரிந்த பாட்டி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கலையை அவரிடம் இன்றே கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியிலும் கிடைக்காத பயிற்சி அது.

நிறங்களின் போக்கை அறிய வழிகள் பல. பான்டோன் என்னும் அமெரிக்க நிறுவனம் 2000 முதல் ஆண்டுக்கொரு நிறத்தை அறிவித்து வருகிறது. 2023-ல் ஒரு வகைச் செஞ்சிவப்பு, 2024-ல் வெளிர் பீச் நிறம், 2025-ல் ஒரு பழுப்பு நிறம். மேடைத் துணிகளிலும் அழைப்பிதழ்களிலும் இதன் சாயலைக் காணலாம். பின்டரஸ்ட், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றிலிருந்து எடுத்த நாற்பது படங்களுடன் மணப்பெண் வந்து நிற்பாள். அவற்றைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். அவற்றில் அவள் உண்மையில் விரும்புவது நிறமா, பூவா, வெளிச்சமா என்று பொறுமையாகக் கேட்டால், நாற்பது படமும் இரண்டு படமாகச் சுருங்கிவிடும்.

புதியது எதுவாயினும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது சடங்குக்கு இடையூறு செய்யுமா? இந்த மண்டபத்தில், இந்தப் பருவத்தில் நிற்குமா? இந்தக் குடும்பத்தின் சக்திக்கு உட்பட்டதா? முதல் கேள்விக்கு உதாரணம், ஹோமகுண்டத்தின் அருகே தொங்கும் மெல்லிய திரைகள். இரண்டாவதற்கு, மழைக்கால ஈரத்தில் வாடிப்போகும் வெளிநாட்டுப் பூக்கள். தாதர் ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள பூச்சந்தைக்கு விடியுமுன் நாலு நாள் போய் நின்றால், எந்த மாதத்தில் எந்தப் பூ மலிவு, எது ஒரு நாள் தாங்கும் என்பது தானே விளங்கும். சாமந்தியும் சம்பங்கியும் காக்கும் மானத்தை விலையுயர்ந்த பூக்கள் எப்பொழுதும் காப்பதில்லை.

உயிருக்கு மேற்பட்ட அழகு இல்லை

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பியில் தோன்றிய தீ ஓலைப் பந்தலில் பற்றிக்கொள்ள, மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேடைக்குப் பின்னால் ஓடும் கம்பிகள், விளக்கின் வெப்பம், வெளியேறும் வழிகள், தீயணைப்புக் கருவி ஆகியவற்றை முதல் நாள் மாலையே பார்த்துவிட வேண்டும். பூ அலங்காரத்துக்காக ஒரு வாயிலை அடைக்கச் சொன்னால், எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும்.

யாருடைய பணம்?

கடைசியாக ஒன்று. பிறர் கைப்பணத்தைச் செலவிடும் தொழில் இது. மண்டபத்தாரிடமும் பூக்காரரிடமும் ரகசியத் தரகு வாங்கிக்கொண்டு, விலையை ஏற்றிக் குடும்பத்தின் தலையில் கட்டுவோர் உண்டு. அதைவிட, "எனக்கு இவ்வளவு ஊதியம்" என்று முதலிலேயே சொல்லி வாங்குவது கௌரவம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 6 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறது. எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்காக 60,000 ரூபாயை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். மீதி 5,40,000. ஓர் இலைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 300 பேர் விருந்துக்கு 1,80,000 ஆகிறது. மேடையின் பின்திரையைச் சற்றுப் பெரிதாக்க மேற்கொண்டு 40,000 ரூபாய் கேட்கிறார் அலங்காரக்காரர். அது 66 பேருக்கு இலை போடும் செலவு! ஓரிரு மணி நேரம் புகைப்படத்தில் நிற்பதற்காக 66 பேரின் சாப்பாட்டை விழுங்கும் அந்தத் திரை தேவைதானா என்று கேட்கும் துணிவு ஏற்பாட்டாளனுக்கு இருக்க வேண்டும். அப்படிக் கேட்பதால் அன்றைய வரவு சிறிது குறையலாம். ஆனால் மகளின் கல்யாணக் கடனை ஓய்வு பெறும் வரை அடைத்துக்கொண்டிருக்கும் தந்தைமார் நம்மிடையே எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். அவர்களுள் மேலும் ஒருவரைச் சேர்த்துவிட்டு நாம் பிழைக்க வேண்டுமா?

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், கணக்கு நோட்டை முழுவதும் விரித்துக் காட்டி, மிஞ்சிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து வருபவனை அந்தக் குடும்பம் மறக்காது. அடுத்த கல்யாணத்துக்கும் அவனையே கூப்பிடும். உறவினர் கூட்டம் அருகில் இல்லாத இவ்வூரில், கூலி பெற்றுக்கொண்டேனும் உறவினனைப் போல் பொறுப்பாக நின்று நடத்திக் கொடுப்பவர்கள் நம்மவருக்குத் தேவை. அத்தகைய இளைஞர்களும் சகோதரிகளும் நம் சங்கத்திலிருந்தே தோன்ற வேண்டும் என்பது என் ஆசை.