காலவரையறையும் மறுவழக்கும்

கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடமாக விளங்கிய திருப்பூணித்துறையில், ஒருவர் அண்டை வணிகருக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்தார் எனக் கொள்ளலாம். கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதப்பட்ட நோட்டுக்கு, அதன் தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அவர் இரண்டாம் ஆண்டில் வழக்குத் தொடுக்கிறார். வழக்குரையில் குறை காணப்படவே, புது வழக்குக்கு அனுமதி பெற்று அதைத் திரும்பப் பெறுகிறார். அதற்குள் 4 ஆண்டுகள் கடந்துவிட்டன. நீதிமன்ற அனுமதி கையில் இருக்கும்போது கவலை எதற்கு என்று அவர் இருந்துவிட்டால், பணத்தை இழக்க நேரிடும்.

1949 ஜூலை 1-ஆம் நாள் திருவிதாங்கூருடன் இணையும்வரை கொச்சி தனக்கெனச் சட்டங்களும் நீதிமன்றங்களும் கொண்டிருந்தது. மத்தியக் காலவரையறைச் சட்டமும் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் 1951-இல் அங்கு விரிவாக்கப்பட்டன. இன்று நடைமுறையில் உள்ள காலவரையறைச் சட்டம் 1963-இல் இயற்றப்பட்டு, 1964 ஜனவரி 1 முதல் செயற்படுகிறது.

இச்சட்டத்தின்படி கடன் வழக்குகளுக்கு 3 ஆண்டுகள். உரிமையின் அடிப்படையில் அசையாச் சொத்தை மீட்க 12 ஆண்டுகள். அரசு தொடுக்கும் வழக்குகளுக்குப் பொதுவாக 30 ஆண்டுகள். காலம் கடந்த வழக்கை, எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிடினும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். மேல்முறையீட்டின் தாமதத்தைத் தக்க காரணத்திற்காக மன்னிக்க 5-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அச்சலுகை மூல வழக்குக்கு இல்லை. காலம் முடியுமுன் கடனாளி எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து புதிய காலக்கணக்கு தொடங்கும்.

மறுவழக்கின் நிலை, முதல் வழக்கு முடிந்த விதத்தைப் பொறுத்தது. தகுதியுள்ள நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்த விவகாரத்தை அதே தரப்பினர் மீண்டும் எழுப்புவதை நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு தடுக்கிறது. பிரதிவாதி வந்திருந்து, வாதி வராமையால் வழக்குத் தள்ளுபடியானால், அதே காரணத்தின் மீது புது வழக்குக் கூடாது. தள்ளுபடியை நீக்கக் கோருவதே வழி. இரு தரப்பினரும் வராமையால் தள்ளுபடியானாலும், வழக்குரை நிராகரிக்கப்பட்டாலும், காலவரம்புக்கு உட்பட்டுப் புது வழக்குத் தொடரலாம். அனுமதியுடன் திரும்பப் பெற்ற வழக்கோ, தொடுக்கப்படாததாகவே காலக்கணக்கில் கருதப்படும். திருப்பூணித்துறைக் கடன்காரரின் இடர் இதுவே. எனினும், அதிகார வரம்பின்மை போன்ற குறையால் முதல் வழக்கு நிலைபெறாது போயிருந்து, வாதி அதை நல்லெண்ணத்துடனும் உரிய கவனத்துடனும் நடத்தியிருந்தால், அதில் கழிந்த காலத்தை 14-ஆம் பிரிவின்கீழ் விலக்கிக் கொள்ளலாம்.

தடைகள் இருந்தும் வீண் வழக்குகள் ஓய்வதில்லை. பெங்களூர் வாடகைக் கட்டட வழக்கொன்றில், வெளியேற்றும் ஆணை உறுதியான பின்னரும், அது மோசடியாகப் பெறப்பட்டது என்று மீண்டும் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1977-இல் இதைக் கண்டித்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வழக்குரையைப் பொருளுணர்ந்து படித்து, உண்மையான வழக்குக் காரணம் இல்லையெனில் தொடக்கத்திலேயே நிராகரிக்குமாறு கீழ் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தினார். ஓய்வுக்குப்பின் அவர் வாழ்ந்த எர்ணாகுளம் திருப்பூணித்துறைக்கு அருகிலேயே உள்ளது. இதற்கு முன்பே, 1949-இல் சென்னை மாகாணம் தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம் இயற்றி, வழக்கமாக வீண் வழக்குத் தொடுப்போர் நீதிமன்ற அனுமதி பெறவேண்டும் என விதிக்க வழிசெய்தது.

சாட்சிகள் மறையுமுன், ஆவணங்கள் சிதையுமுன் தகராறு தீரவேண்டும்; தீர்ந்த தகராறு மீண்டும் தலைதூக்கக்கூடாது. இவ்விரண்டுமே இவ்விதிகளின் நோக்கம். ஆனால் நியாயமான உரிமையுடையவரும் நாட்கணக்கு அறியாமையால் தோற்பதுண்டு. முதல் வழக்கைத் திரும்பப் பெறுமுன் எஞ்சியுள்ள காலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பதே அவருக்கு உற்ற பாதுகாப்பு.