தாய் நல்லதானால் குடியும் நல்லது

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்று நம் பாட்டிமார் சொல்லுவர். அப்பழமொழி தேனீக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை நாம் அறிந்துகொள்ள ஒரு பெட்டித் தேனீயை இழக்க நேர்ந்தது.

இரயில்வே அலுவல் காரணமாகப் பதான்கோட்டில் வசித்தபொழுது, குடியிருப்பின் பின்புறம் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் இரண்டு வைத்திருந்தோம். இரண்டிற்கும் ஒரே கடுகு வயல், ஒரே பராமரிப்பு. ஆயினும் ஒன்று தேன் நிறைந்து வழிய, மற்றது நாளுக்கு நாள் மெலிந்தது. “இராணிக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் பாபுஜி” என்றார் பக்கத்து விவசாயி. மூன்றாண்டு உழைத்த தாயைக் கொல்வதா என்று தயங்கினோம். மழைக்காலம் முடியுமுன் மெழுகுப் பூச்சி அடைகளைத் தின்று தீர்த்தது, குடி அழிந்தது.

காரணத்தைப் பின்னரே விசாரித்தறிந்தோம். இராணி ஈ இளமையில் பறந்து சென்று, பத்துக்கு மேற்பட்ட ஆண் ஈக்களுடன் கூடித் திரும்புகிறது. அப்போது பெற்ற விந்தைச் சேமித்தே ஆயுள் முழுதும் முட்டையிடுகிறது. நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு 1500 முட்டைகள் வரை இடும். வேலைக்கார ஈக்களோ அக்காலத்தில் ஆறு வாரமளவே வாழ்வன. தாய் தளர்ந்தால் மாண்டவற்றின் இடத்தை நிரப்ப ஆளிராது.

எண்ணிக்கை மட்டுமன்று, இயல்பும் தாய்வழி வருவதே. இதற்குச் சான்று பதான்கோட்டிற்கு அருகிலேயே உண்டு. காங்ரா பள்ளத்தாக்கிலுள்ள நக்ரோட்டா பக்வானில், 1962ஆம் ஆண்டு முதல், பேராசிரியர் அட்வாலும் அவர்தம் குழுவினரும் இத்தாலிய இராணிகளை நம் நாட்டுத் தேனீக் கூடுகளில் குடியேற்றினர். நாட்டு ஈக்களே அவற்றின் குஞ்சுகளை வளர்த்தன. பழையவை மாண்டு புதியவை பிறக்கப் பிறக்க, கூடு முழுதும் இத்தாலியக் குடியாக மாறிற்று! மாற்றியது ஓர் ஈயை. மாறியது ஒரு குலம்.

ஆகவே தாயைத் தேர்வதில் கவனம் வேண்டும். பலர் செய்யும் பிழை யாதெனில், கூடு பிரியும் வேளையில் கிடைக்கும் இராணிப் புழைகளை இலவசமென்று எடுத்துக்கொள்வதே. அடிக்கடி பிரிந்தோடும் குடியின் மகளும் அக்குணத்தையே கொண்டுவரக்கூடும். பிரிந்த குடி தேனைச் சேர்ப்பதெங்ஙனம்? ஓராண்டேனும் கணக்கு வைத்து, தேன் மிகுதியும் சாந்தமும் உடைய குடியையும், நோயுற்ற புழுக்களை விரைந்து அகற்றித் தூய்மை பேணும் குடியையும் தெரிந்தெடுத்தல் நலம். அதன் ஒரு நாளுக்குட்பட்ட புழுவை இராணிப் புழையிலிட்டு வளர்த்தால், முட்டையிலிருந்து பதினாறாம் நாள் புதிய இராணி வெளிப்படும்.

எனினும் எல்லா இராணிகளையும் ஒரே தாயிடமிருந்து எடுத்தலாகாது. உடன்பிறந்தாருள் கலப்பு நேர்ந்தால் பல புழுக்கள் வளராது போக, அடை பொத்தலாகக் காட்சியளிக்கும். நல்ல ஆண் ஈக்களும் சுற்றுப்புறத்தில் இருத்தல் அவசியம்.

அன்று நாம் காட்டிய இரக்கம் ஓர் இராணியைக் காத்தது. பல்லாயிரம் பிள்ளைகளைக் கைவிட்டது. இப்பொழுது ஒவ்வொரு பெட்டியின் மேலும் இராணி பிறந்த ஆண்டைச் சாக்குக்கட்டியால் எழுதி வைக்கிறோம். தேனீ வளர்க்க எண்ணும் அன்பர்கள் முதல் நாளிலேயே அங்ஙனம் எழுதி வைப்பார்களாக.